ஆர்டர் நிலையில்லாத காலத்தில் இரண்டாவது யூனிட் போடலாமா? திருப்பூர் ஏற்றுமதியாளர் ஒருவரின் கேள்விக்கு விரிவான பதில்

கேள்வியின் சுருக்கம் இது: திருப்பூரில் 80 தையல் இயந்திரங்களுடன் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒருவர், அமெரிக்க வரி, நூல் விலை, ஐரோப்பியச் சந்தையின் மந்தம் ஆகியவற்றால் அடுத்த ஆறு மாதங்களுக்கான ஆர்டரைக்கூடக் கணிக்க முடியவில்லை என்கிறார். இந்த நிலையில் இன்னும் 40 இயந்திரங்களுடன் இரண்டாவது யூனிட் போடலாமா, நூலை முன்கூட்டியே வாங்கி வைக்கலாமா, அல்லது இருக்கும் ஆட்களையும் குறைத்துக்கொண்டு பொறுத்திருப்பதா என்று கேட்டிருக்கிறார்.

ஆடை உற்பத்தித் திட்டமிடலில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு எவ்வளவு ஆர்டர் வரும் என்று கணிக்க முயல்வதில் உங்கள் நேரத்தைச் செலவிடாதீர்கள். அதை அமெரிக்காவில் உள்ள உங்கள் பையராலேயே, அதாவது உங்களிடம் வாங்கும் நிறுவனத்தாலேயே, சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக நூல், துணி, சாயம், கட்டிங், தையல் என்ற ஒவ்வொரு கட்டத்திலும் உங்கள் பணத்தை எந்தத் தேதியில் திரும்பப் பெற முடியாதபடி இறக்குகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தேதிகளில் எதையெல்லாம் பின்னுக்குத் தள்ள முடியும், தள்ளுவதற்கு என்ன செலவாகும் என்று பாருங்கள். யூனிட் போடுவது, நூல் வாங்குவது, ஆட்களைக் குறைப்பது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் விடை அந்தத் தாளிலிருந்துதான் வரும்.

இதை விளக்குவதற்கு முன் அண்மை ஆண்டுகளில் இந்தத் தொழில் பட்ட அடிகளை வகை பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லா நிச்சயமின்மையும் ஒரே வகையானது அல்ல. 2021-இல் கொரோனா தளர்ந்தபோது ஆர்டர்கள் குவிந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் ஷாங்காயிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு 40 அடி கன்டெய்னர் ஒன்றின் வாடகை 10,000 டாலரைத் தாண்டியது. சரக்கு எப்போது வந்து சேரும் என்று தெரியாத அமெரிக்கக் கடைகள் வழக்கத்தைவிட முன்னதாகவும் கூடுதலாகவும் ஆர்டர் கொடுத்தன. 2022 மே மாதத்தில் முதல் காலாண்டுக் கணக்கை வெளியிட்டபோது டார்கெட் நிறுவனத்தின் சரக்கு இருப்பு முந்தைய ஆண்டைவிட 43 சதவீதமும், வால்மார்ட்டின் இருப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் கூடியிருந்தன. அடுத்த மாதமே டார்கெட் விலையைக் குறைத்து விற்கப்போவதாகவும் ஆர்டர்களை ரத்து செய்யப்போவதாகவும் அறிவித்தது. அதன் தாக்கம் 2022-இன் பிற்பகுதியிலும் 2023-இலும் திருப்பூர் யூனிட்டுகளில் தெரிந்தது. அமெரிக்க மக்கள் டீ-சர்ட் வாங்குவதை நிறுத்திவிடவில்லை. கடைக்கும் நமக்கும் நடுவே இருந்த கிடங்குகள் நிரம்பியிருந்தன, அவை கரையும் வரை நமக்கு ஆர்டர் வரவில்லை.

கடையில் விற்பனை சற்றே அசைந்தால் மேல்நோக்கிச் செல்லச் செல்ல அந்த அசைவு பெருத்துக்கொண்டே போவதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1950-களின் இறுதியிலேயே கணக்கிட்டுக் காட்டினார். பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் குழந்தை டயப்பர் வணிகத்தில் இதே ஏற்ற இறக்கத்தைக் கண்டு சாட்டை விளைவு என்று பெயரிட்டது. குழந்தைகள் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் டயப்பர் பயன்படுத்துகிறார்கள், ஆனால் மூலப்பொருள் விற்பவருக்குப் போகும் ஆர்டர் மட்டும் தாறுமாறாக ஆடியது. சாட்டையின் கைப்பிடி அமெரிக்கக் கடையில் இருக்கிறது என்றால் நுனியில் இருப்பது நூற்பாலையும் பின்னலாடை யூனிட்டும்தான். ஆகவே உங்கள் கைக்கு வரும் ஆர்டர் எண்ணிக்கையைத் தேவை என்று எடுத்துக்கொண்டு அதன் மேல் யூனிட் கட்டக் கூடாது. பையரிடம் வாராந்தர விற்பனை விவரம் கேளுங்கள். பலர் தருவதில்லை, ஆனால் கேட்டால் தருபவர்களும் இருக்கிறார்கள். தராதவர்கள் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களாக இருந்தால் அவர்களுடைய காலாண்டு அறிக்கையில் சரக்கு இருப்பும் விற்பனையும் அச்சிட்டே இருக்கின்றன. விற்பனை 3 சதவீதம் கூடியிருக்கும்போது இருப்பு 20 சதவீதம் கூடியிருந்தால், அடுத்த பருவத்தின் ஆர்டர் சுருங்கும் என்று எதிர்பார்த்து நடந்துகொள்வது நல்லது. செலவில்லாத இந்த ஒரு வேலையை நம் ஊரில் செய்பவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

2022-இன் நூல் விலை வேறு வகையான அடி. அந்த ஆண்டு மே மாதத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. மே 16, 17 ஆகிய இரு நாட்களும் நூல் விலை உயர்வைக் கண்டித்துத் திருப்பூர் கடையடைப்புச் செய்தது. நியூயார்க் சந்தையில் அப்போது ஒரு பவுண்டு பஞ்சு 150 சென்ட்டுக்கு மேல் விற்றது. அக்டோபர் இறுதிக்குள் அது ஏறக்குறைய பாதியாகிவிட்டது. 2025-இன் அமெரிக்க வரி மூன்றாவது வகை: ஏப்ரல் 2-இல் 26 சதவீதம் என்று அறிவிப்பு, பிறகு தற்காலிக நிறுத்தம், ஆகஸ்ட் 7-இல் 25 சதவீதம், ஆகஸ்ட் 27-இல் 50 சதவீதம். அதே நேரத்தில் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 சதவீதம்தான். திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது என்ற நிலையில், ஐந்தே மாதங்களில் நான்கு முறை மாறிய ஓர் எண்ணை எந்தக் கணிப்பும் பிடித்திருக்க முடியாது.

இந்த மூன்றையும் எதிர்கொள்ள ஒரே மருந்து கிடையாது. காரணம் எதுவானாலும், உங்கள் ஆர்டரில் தெரியும் மாற்றம் இரண்டு வகை. மொத்த ஆர்டர் அப்படியே இருந்து நிறமும் சைஸும் மாதிரியும் மட்டும் மாறுவது ஒரு வகை. மொத்த ஆர்டரே சரிவது இன்னொரு வகை. முதல் வகைக்கு உற்பத்தி முறையில் விடை உண்டு. இரண்டாவது வகைக்குக் கையில் உள்ள பணமும், குறைவான நிலைச்செலவும், ஒன்றுக்கு மேற்பட்ட சந்தையும் தவிர வேறு காப்பு இல்லை. பெரும்பாலான தவறுகள் முதல் வகையின் மருந்தை இரண்டாவது வகைக்குக் கொடுப்பதால் வருகின்றன.

இனி திறனுக்கு வருகிறேன். 80 இயந்திரங்கள் என்று சொல்கிறீர்கள்; அது உங்கள் திறன் ஆகாது. ஒரு டீ-சர்ட்டுக்கு 10 தையல் நிமிடங்கள் என்று வைத்துக்கொள்வோம். 80 இயந்திரங்கள் 480 நிமிட ஷிப்டில் 50 சதவீதச் செயல்திறனில் ஓடினால் நாளுக்கு 1,920 பீஸ் வரும். செயல்திறன் 60 சதவீதமானால் 2,304 பீஸ். இந்த 384 பீஸ் 16 புதிய இயந்திரங்கள் வாங்கி ஆள் போட்டால் கிடைப்பதற்குச் சமம். இப்போது ஆர்டர் அளவைப் பாருங்கள். 10,000 பீஸ் ஒரே ஸ்டைலாக வந்தால் ஐந்து நாளைக்குச் சற்று மேல் ஓடும். லைனை, அதாவது வரிசையாக அமைந்த தையல் இயந்திரங்களை, அடுத்த ஸ்டைலுக்கு மாற்றி அமைக்க அரை நாள் போகிறது என்றால் மொத்தம் ஏறக்குறைய 5.7 நாள். அதே 10,000 பீஸ் 2,500 வீதம் நான்கு ஸ்டைல்களாக வந்தால் நான்கு முறை லைன் மாற வேண்டும், 7.2 நாள் ஆகும். பொருளாதாரம் ஆட்டம் காணும்போது பையர்கள் பெரிய ஆர்டரை ஒரே தடவையில் தர அஞ்சி, அதைச் சிறு சிறு ஆர்டர்களாக உடைக்கிறார்கள். அதாவது ஒரு இயந்திரமும் குறையாமலே, நிச்சயமற்ற காலத்தில் உங்கள் திறன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடுகிறது. ஆர்டர் குறைந்த ஆண்டிலும் ஷிப்மென்ட் தாமதமாவது ஏன் என்று பலர் குழம்புவதற்குக் காரணம் இதுதான். புதிதாக 40 இயந்திரங்கள் போட்டாலும் இந்த நோய் அந்த லைனிலும் தொடரும். அந்தப் பணத்தில் சிறு பங்கைச் செலவிட்டு லைன் மாற்றும் நேரத்தைப் பாதியாக்குவது உடனடியாகப் பலன் தரும். அடுத்த ஸ்டைலின் ஃபோல்டர், அட்டாச்மென்ட் போன்ற இயந்திரத் துணைக்கருவிகளை முதல் நாளே தயாராக வைப்பது, ஓவர்லாக் இயந்திரம் ஓட்டுபவர் பிளாட்லாக் இயந்திரமும் ஓட்டப் பழகினால் அதற்கேற்ற ஊதியம் தருவது, 60 இயந்திரம் கொண்ட நீளமான லைனை 20 வீதம் மூன்றாகப் பிரிப்பது என்று இதற்கு வழிகள் பல.

ஆனால் தையல்தான் உங்கள் குறுகலான இடமா என்பதையே முதலில் சோதிக்க வேண்டும். திருப்பூரில் பெரும்பாலும் குறுகுவது சாயப்பட்டறையில்தான், அதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. நொய்யல் ஆற்றின் மாசு தொடர்பான வழக்கில், கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றக் கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. ஏறத்தாழ 700 பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. தையல் இயந்திரங்கள் அப்படியே இருந்தன, பின்னல் இயந்திரங்கள் அப்படியே இருந்தன, பையரும் இருந்தார். ஆனாலும் கோராத் துணியை, அதாவது சாயமேற்றாத துணியை, வெளிமாநிலங்களுக்கு லாரியில் அனுப்பிச் சாயமேற்றி வரவழைக்க வேண்டியிருந்தது. ஓர் ஊரின் திறன் என்பது அதன் மிகக் குறுகலான கட்டத்தின் திறன் என்பதை அந்த ஆண்டு போல எதுவும் கற்றுத்தரவில்லை. நொய்யலின் குறுக்கே சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையைச் சுற்றியிருந்த விவசாயிகள் பட்ட இழப்பை எண்ணினால் அந்தத் தீர்ப்பு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். அதற்குப் பிறகு கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையிலும் ஆவியாக்கியும் மீட்டுப் பயன்படுத்தும் முறைக்கு இந்த ஊர் மாறியது பெருமைக்குரியது. ஆனால் திட்டமிடுபவர் மறக்கக் கூடாத உண்மை ஒன்று உண்டு. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு பட்டறைக்கு அனுமதிக்கப்பட்ட கழிவுநீர் அளவுதான் அதன் உச்ச வரம்பு. தையல் இயந்திரத்தை நாளைக்கே வாங்கலாம், சாயத் திறனை அப்படி வாங்க முடியாது.

குறுகலான கட்டத்தை முழுமையாக நிரப்பி ஓட்டினால் என்ன நடக்கும் என்பதற்குக் கணிதம் தெளிவாக இருக்கிறது. வரும் லாட்டுகள், அதாவது துணித் தொகுதிகள், ஒழுங்கற்று வந்து, ஒரு லாட்டுக்கு ஆகும் நேரமும் மாறிக்கொண்டிருக்கும் ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். சராசரியாக ஒரு லாட்டுக்கு ஒரு நாள் ஆகிறது. அந்த இடம் 80 சதவீதம் நிரம்பி ஓடினால், மிக எளிய வரிசைக் கணக்கின்படி, ஒரு லாட் காத்திருக்கும் நேரம் 4 நாள். 90 சதவீதம் என்றால் 9 நாள். 95 சதவீதம் என்றால் 19 நாள். 80-க்கும் 95-க்கும் இடையே உற்பத்தி ஐந்தில் ஒரு பங்குகூடக் கூடவில்லை, காத்திருப்போ ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது. உண்மைப் பட்டறையில் எண்கள் மாறும், வளைவின் வடிவம் மாறாது. இதைக் கணிதவியலாளர் ஜான் கிங்மேன் 1961-இலேயே ஒரு சூத்திரமாக எழுதிவிட்டார்: காத்திருப்பு நேரம் என்பது தோராயமாக, நிரம்பிய அளவு கூடக்கூட வேகமாக ஏறும் ஒரு காரணி, ஏற்ற இறக்கம், ஒரு வேலைக்கு ஆகும் நேரம் ஆகிய மூன்றின் பெருக்கம். நிச்சயமின்மை கூடும்போது நடுவில் உள்ள ஏற்ற இறக்கம் பெருகுகிறது. காத்திருப்பு பழையபடியே இருக்க வேண்டுமானால் நிரம்பிய அளவைக் குறைத்தாக வேண்டும், வேறு வழியில்லை. ஆகவே நல்ல காலத்தில் 90 சதவீதம் நிரப்பி ஓட்டிய ஒருவர், நிலையற்ற காலத்தில் 80 சதவீதத்துக்கு ஆர்டர் எடுப்பதை நஷ்டமாக எண்ண வேண்டாம். அந்த 20 சதவீத வெற்றிடம்தான் ஷிப்மென்ட் தேதியைக் காப்பாற்றுகிறது.

நான் பொறுப்பில் இருந்த ஒரு நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தையல் லைன் ஒருநாளும் சும்மா இருக்கக் கூடாது என்று உரிமையாளர் பிடிவாதமாக இருந்ததால், கைக்கு வந்த ஆர்டர் எல்லாவற்றையும் எடுத்தோம். நாங்கள் துணி கொடுத்திருந்த சாயப்பட்டறையில் ஏற்கெனவே கூட்டம். அடர்நீல லாட் ஒன்று ஷேடு வராமல் மறுசாயத்துக்குப் போனது. அதன் பின்னால் நின்ற எங்கள் மூன்று லாட்டுகளும் சேர்ந்து பின்தள்ளப்பட்டன. தையல் லைன் ஒன்பது நாள் துணியில்லாமல் நின்றது, பிறகு இரவு பகலாக ஓடியது, கடைசியில் பாதிச் சரக்கு விமானத்தில் போனது. அந்த விமானக் கட்டணம் அந்தப் பருவத்தின் இலாபம் முழுவதையும் விழுங்கியது. திட்டமிடும் பொறுப்பில் இருந்த நானும் அதைத் தடுத்திருக்க வேண்டியவன். சாயத்துக்கான நாளை முதலில் குறித்துவிட்டு, அதற்குப் பின்னால் தையலை வைத்துத் திட்டமிட வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் கற்றேன். நீங்களும் உங்கள் பட்டறையிடம் வாரத்துக்கு இத்தனை கிலோ என்று ஆறு மாதங்களுக்கு இடம் பேசி வையுங்கள். எந்த நிறம் என்பதை ஏழு நாள் முன்னால் சொல்கிறேன் என்று ஒப்பந்தம் செய்யுங்கள். பேசிய இடத்தை நீங்கள் பயன்படுத்தாத வாரத்துக்குச் சிறு தொகை தர வேண்டியிருந்தாலும் தாருங்கள். உங்கள் பணத்தில் மிகப் பயனுள்ள செலவாக அது இருக்கும்.

நிறத்தைப் பின்னால் சொல்வது என்பதில்தான் முதலில் நான் குறிப்பிட்ட தேதியைத் தள்ளும் கலை இருக்கிறது. இத்தாலியின் பெனட்டன் நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, சாயமேற்றாத நூலில் ஸ்வெட்டரைப் பின்னி வைத்துக்கொண்டு, எந்த நிறம் விற்கிறது என்று தெரிந்த பிறகு ஆடையாகவே சாயமேற்றியது. திருப்பூரில் ஆடைச் சாயம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்றாலும், கோராத் துணியாக நிறுத்தி வைப்பது எல்லோராலும் முடியும். ஒன்பது நிறங்களில் ஒவ்வொன்றிலும் 500 கிலோ அளவுக்கு ஏறவோ இறங்கவோ வாய்ப்பிருக்கிறது என்றால், நிறம் நிறமாகக் காப்பிருப்பு வைக்க 4,500 கிலோ வேண்டும். கோராவாக வைத்தால் ஒரு நிறம் ஏறும்போது இன்னொன்று இறங்குவதால், ஒன்பதின் வர்க்கமூலமாகிய மூன்று மடங்கு, அதாவது 1,500 கிலோவே அதே பாதுகாப்பைத் தரும். இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. நிறங்கள் ஒன்றையொன்று சாராமல் ஏறி இறங்கினால்தான் இந்தக் கணக்கு. வரி 50 சதவீதமான அன்று ஒன்பது நிறங்களும் சேர்ந்தே விழுந்தன. அன்று கோராத் துணியும் கிடங்கில்தான் கிடந்தது. மொத்தமே சரியும் ஆபத்துக்கு இருப்பு வைப்பது மருந்தாகாது என்று மேலே சொன்னதன் பொருள் இதுதான்.

எவ்வளவு வைக்கலாம் என்பதற்கும் ஒரு முறை உண்டு. ஆர்டர் வந்து துணி இல்லையென்றால் கிலோவுக்கு 60 ரூபாய் இழக்கிறீர்கள் என்று கொள்வோம். துணி இருந்து ஆர்டர் வராவிட்டால் கோராவை வேறொருவருக்கு விற்பதில் கிலோவுக்கு 40 ரூபாய் நஷ்டம். 60-ஐ இரண்டின் கூட்டுத்தொகையான 100-ஆல் வகுத்தால் 0.6, அதாவது பத்துப் பருவங்களில் ஆறில் போதுமானதாக இருக்கும் அளவு கோராவை வைக்கலாம். அதே துணியைப் பையரின் நிறத்தில் சாயமேற்றிவிட்டால், ஆர்டர் வராதபோது கட்பீஸ் விலைக்குத்தான் போகும், நஷ்டம் 200 ரூபாய். 60-ஐ 260-ஆல் வகுத்தால் 0.23, பத்தில் இரண்டு பருவங்களுக்குச் சற்று மேல் போதுமானதாக இருக்கும் அளவுதான் வைக்கலாம், அது நடைமுறையில் உறுதியான ஆர்டருக்குக் கீழேயே நிற்கும். உங்கள் உண்மை எண்களைப் போட்டுப் பாருங்கள். சந்தை எப்படியிருக்கும் என்ற கணிப்பு இரண்டிலும் ஒன்றுதான். எந்தக் கட்டத்தில் பணத்தை நிறுத்துகிறோம் என்பது மட்டுமே விடையை மாற்றுகிறது. பையர் அழுத்தம் கொடுத்து, ஆர்டர் உறுதியாவதற்கு முன்பே சாயம் போடச் சொன்னால், இந்தக் கணக்கைக் காட்டி, ரத்தானால் துணிச் செலவை ஏற்பதாக மின்னஞ்சலில் ஒரு வரி வாங்குங்கள். தர மறுக்கிறார் என்றால் ஆர்டர் உறுதியில்லை என்பதை அவரே சொல்லிவிட்டார் என்று பொருள்.

நூல் வாங்கி வைப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நூற்பாலைகள் மாதத் தொடக்கத்தில் விலை அறிவிக்கும் வழக்கம் நமக்கு ஒரு பழக்கத்தை உண்டாக்கிவிட்டது: அடுத்த மாதம் ஏறும் என்ற பேச்சு கிளம்பினாலே எல்லோரும் வாங்குகிறோம், எல்லோரும் வாங்குவதாலேயே ஏறுகிறது. 2022 மே மாதத்தில் உச்ச விலைக்கு மூன்று மாத நூலைப் பிடித்தவர்கள், இலையுதிர்காலத்தில் போட்டியாளர் குறைந்த விலை நூலில் விலைப்புள்ளி கொடுத்தபோது ஆர்டரையும் இழந்து நூலையும் சுமந்தார்கள். விலையேற்றத்தில் இலாபம் பார்ப்பது நூல் வியாபாரியின் தொழில், உங்கள் தொழில் தையல். கையில் உறுதியான ஆர்டருக்கு விலை பேசிய அன்றே அந்த ஆர்டருக்கான நூலை முழுமையாகப் பிடித்துவிடுங்கள். அதில் தாமதம் கூடாது. உறுதியாகாத ஆர்டருக்கு, பல ஸ்டைல்களுக்குப் பொதுவாகப் பயன்படும் 30-ஆம் நம்பர் கோம்டு நூல் போன்றவற்றில் இரண்டு மூன்று வாரத் தேவைக்கு மேல் வேண்டாம். ஒரே பையருக்கு மட்டும் பயன்படும் மெலாஞ்ச் (பல நிற இழைகள் கலந்த) நூலை உறுதி இல்லாமல் ஒரு பைகூட வாங்க வேண்டாம்.

ஆட்களைக் குறைப்பது பற்றி நான் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். இயந்திரத்தைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துத் திறந்தால் அது ஓடும். பயிற்சி பெற்ற டெய்லரை அனுப்பிவிட்டால் அவர் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் 2020 ஊரடங்கில் என்ன பாடுபட்டுத் திரும்பினார்கள் என்பதைப் பார்த்தோம். 2023 மார்ச்சில் பொய்யான காணொளிகள் பரவியபோது எவ்வளவு பேர் பயந்து ரயில் ஏறினார்கள் என்பதையும் பார்த்தோம். அவர்களுக்கு நம்பிக்கை தரும் யூனிட்டுக்குத்தான் அவர்கள் தங்கள் ஊர்க்காரர்களையும் அழைத்து வருகிறார்கள். ஆர்டர் குறைந்த மாதத்தில் ஓவர்டைமை முதலில் நிறுத்துங்கள், பிறகு வெளியே கொடுத்திருக்கும் ஜாப் வொர்க்கை உள்ளே கொண்டுவாருங்கள், அதன் பிறகும் வேலை இல்லையென்றால் வாரத்துக்குக் குறிப்பிட்ட நாள் வேலைக்கான கூலி உறுதி என்று அறிவித்துவிட்டு அந்த நேரத்தை இரண்டாவது இயந்திரப் பயிற்சிக்குச் செலவிடுங்கள். ஹோலிக்கும் தீபாவளிக்கும் சத் பூஜைக்கும் யார் யார் எத்தனை நாள் ஊருக்குப் போகிறார்கள் என்பதை இரண்டு மாதம் முன்பே கேட்டுத் திட்டத்தில் எழுதுங்கள். பீஸ் ரேட்டில் உழைப்பவருக்கு வேலையில்லாத வாரம் என்பது சாப்பாட்டுப் பிரச்சினை என்பதை ஒரு கணமும் மறக்காமல் இந்த முடிவுகளை எடுக்க வேண்டும்.

மேற்சொன்னதில் ஜாப் வொர்க் ஒரு வால்வு போல வேலை செய்வதைக் கவனித்திருப்பீர்கள். உச்ச மாதத்துத் தேவையில் முக்கால் பங்கைச் சொந்த லைனிலும் மீதியை வெளி யூனிட்டிலும் செய்வது என்ற அமைப்பு, நிலைச்செலவைக் கட்டுக்குள் வைக்கும். ஆனால் பையரின் அனுமதி பெறாத யூனிட்டில் தைத்தால் ஆர்டர் மட்டுமல்ல, பையரே போய்விடுவார். அவசரத்தில் தேடாமல், வேலை குறைந்த இந்தக் காலத்திலேயே இரண்டு ஜாப் வொர்க் யூனிட்டுகளைத் தேர்ந்தெடுத்து, தொழிலாளர் நலனையும் பாதுகாப்பையும் சோதிக்கும் சமூக இணக்கத் தணிக்கை முடித்து, பையரின் பட்டியலில் சேர்த்து வையுங்கள். மாதம் ஒரு சிறிய லாட்டாவது கொடுத்து உறவைக் காப்பாற்றுங்கள். அவர்களுக்குரிய பணத்தையும் காலத்தில் கொடுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் தர வேண்டும் என்பது சட்டம். 2024 ஏப்ரல் 1 முதல், அந்தக் கெடுவைத் தாண்டிய தொகையை உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும்.

பணத்தை நான் திறனின் ஒரு பகுதியாகவே கணக்கிடுகிறேன். நூலுக்குப் பணம் கொடுத்த நாளிலிருந்து பையரின் பணம் வந்து சேரும் நாள்வரை எண்ணுங்கள். 120 நாள் என்றால் நாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் இறங்கும் யூனிட்டில் எந்நேரமும் 1.2 கோடி ரூபாய் வழியில் கிடக்கிறது. செங்கடல் பாதையைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பல்கள் போகத் தொடங்கிய 2023 டிசம்பருக்குப் பிறகு, ஐரோப்பியச் சரக்குக்குப் பத்து நாளுக்கு மேல் கூடுதலானது. பல ஒப்பந்தங்களில் அந்தப் பத்து நாளும் நம் பணத்தின் தலையில்தான் விழுந்தது. இரண்டாவது யூனிட் போட்டால் இயந்திரச் செலவோடு இந்த வழிப்பணமும் ஒன்றரை மடங்காகும். வங்கி கொடுக்கும் வரம்பு அதைத் தாங்குமா என்று பார்க்காமல் இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்தவர்கள், ஆர்டர் இருந்தும் நூல் வாங்க முடியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது யூனிட்டைப் பற்றி. இன்றைய நிலையில் 40 இயந்திரங்களை வாங்க வேண்டாம். அதற்கு முன் மூன்று விஷயங்கள் உங்கள் கணக்கில் தெரிய வேண்டும். தையல் செயல்திறன் 60 சதவீதத்தில் மூன்று மாதமாவது நிலைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அதுவரை உங்களிடம் 16 இயந்திரங்கள் மறைந்தே கிடக்கின்றன. சாயத்தில் வாரந்தோறும் கூடுதல் கிலோவுக்கான இடம் எழுத்தில் கிடைத்திருக்க வேண்டும். வெளியே கொடுக்கும் ஜாப் வொர்க், உச்ச மாதத்தில் மட்டுமல்லாமல் மந்தமான மாதங்களிலும் 25 இயந்திரங்களுக்கு வேலை தரும் அளவுக்கு இருக்க வேண்டும். அதுவும் அமெரிக்கா என்ற ஒரே நாட்டை நம்பியதாக இல்லாமல், குறைந்தது பாதியாவது வேறு சந்தையிலிருந்து வர வேண்டும். பிரிட்டனுடன் 2025 ஜூலை 24-இல் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம் ஆடைகளுக்கான வரியை நீக்குவதால், அங்குள்ள பையர்களுக்கு இப்போதே சாம்பிள் அனுப்பத் தொடங்குவது நல்லது. புதிய பையர் ஒருவர் சாம்பிளிலிருந்து நிலையான ஆர்டருக்கு வர ஓராண்டாவது ஆகும்.

இந்த மூன்றும் நிறைவேறும் நாளில் 40-ஐ ஒரே தடவையில் வாங்காமல் 20 இயந்திரங்கள் கொண்ட ஒரு லைனை மட்டும் போடுங்கள். கட்டடத்தை வாடகைக்கு எடுங்கள், மின் இணைப்பையும் ஜெனரேட்டரையும் மட்டும் 40-க்குப் போதுமான அளவில் இப்போதே அமையுங்கள், ஏனெனில் பின்னால் கூட்டுவதற்கு அதிக நாள் பிடிப்பது அவைதான். மீதி 20 இயந்திரங்களைத் திருப்பூரில் எந்த வாரமும் வாங்கிவிடலாம்.